ஒட்டுண்ணித் தாவரங்களின் நுண்ணோக்கித் தகடுகள்: ஒரு மதிப்பீடு

தாவரவியல் மாணவர்களையும் சொந்தமாக நுண்ணோக்கி வைத்திருப்பவர்களையும் கருதி விற்கப்படும் இந்தப் பெட்டியில், கஸ்குட்டா என்னும் இலையற்ற கொடி, புல்லுருவி, சந்தனம், சுடுமல்லி, பெயரில் காளானானாலும் பூக்கும் தாவரமான புகையிலைக் காளான் ஆகிய ஐந்து தாவரங்களுக்குத் தலா இரண்டாகப் பத்துத் தகடுகள் உள்ளன. பூக்கும் தாவரங்களில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில், 4,000-க்கும் மேற்பட்ட இனங்கள் ஒட்டுண்ணிகளாக வாழ்கின்றன. இவ்வாழ்க்கை முறை ஒன்றோடொன்று நெருங்கிய உறவில்லாத குடும்பங்களில் தனித்தனியே தோன்றியிருந்தாலும், ஓம்புயிரின், அதாவது ஒட்டுண்ணி பற்றி வாழும் தாவரத்தின், திசுவுக்குள் நுழையும் ஹாஸ்டோரியம் என்னும் உறிஞ்சு உறுப்பு இவை அனைத்துக்கும் பொது. ஆகவே, இத்தகைய தொகுப்பை வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது, ஒட்டுண்ணியும் ஓம்புயிரும் சந்திக்கும் இடம் தகட்டில் தெரிகிறதா என்பதையே.

கஸ்குட்டாவின் இரண்டாம் தகட்டில் அது மிகத் தெளிவாகத் தெரிகிறது. கொடி தண்டைச் சுற்றிப் படர்வதால், ஓம்புயிரின் தண்டு குறுக்குவெட்டாகவும் கஸ்குட்டாவின் தண்டு ஏறத்தாழ நீள்வெட்டாகவும் ஒரே தளத்தில் அமைந்துள்ளன. ஹாஸ்டோரியம் புறத்தோலைப் பிளந்து, புறணியைக் கடந்து, ஆப்பைப் போல உள்ளே இறங்கியிருக்கிறது. அதன் முனையிலிருந்து நீண்டு செல்லும் செல்களில், நீரைக் கடத்தும் திசுவான சைலத்தைத் தொட்டவை தாமும் சைலமாக மாறி நிற்பதைச் லிக்னின் என்னும் கட்டைப்பொருளில் ஏறும் சாஃப்ரனின் சாயத்தின் சிவப்பு காட்டிக்கொடுக்கிறது. கஸ்குட்டா, உணவைக் கடத்தும் திசுவான ஃபுளோயத்தோடும் இணைந்து சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது; ஆனால் லிக்னின் இல்லாத அந்த இணைப்பு பச்சைச் சாயத்தில் மற்றத் திசுக்களோடு கலந்துவிடுவதால், பயிற்சி இல்லாத கண்ணுக்கு எளிதில் அகப்படாது.

இவ்வளவு நல்ல தகட்டின் சீட்டில் ஓம்புயிரின் பெயர் இல்லை. தண்டின் கடத்துதிசுக் கற்றைகள் வளையமாக அமைந்திருப்பதைக் கொண்டு அது இருவித்திலைத் தாவரம் என்று ஊகிக்கலாமே தவிர, அதற்கு மேல் ஒன்றும் சொல்ல இயலாது. இதைச் சிறு விடுபடலாக நான் கருதவில்லை. கஸ்குட்டாவின் நாற்று, காற்றில் பரவும் தாவர வாசனையை உணர்ந்து கோதுமையை விடத் தக்காளியை நாடி வளர்வதை 2006-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒட்டுண்ணியே தேர்ந்தெடுக்கும் ஓம்புயிருக்குச் சீட்டில் ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

புல்லுருவிக்கு வந்த தகடுகளில் இலையின் வெட்டு வழக்கமானதுதான். மற்றொன்றில், விஸ்கம் என்னும் புல்லுருவி வேரூன்றிய கிளையின் கட்டைக்குள் அதன் உறிஞ்சு உறுப்பு மூன்று ஆண்டு வளையங்களைக் கடந்து நிற்கிறது. பார்ப்பவர்கள் அது கட்டையைத் துளைத்துச் சென்றதாகவே எண்ணுவார்கள். உண்மையில் அது, புதிய கட்டையை உருவாக்கும் அடுக்கான கேம்பியம் வரை வந்து நின்றுவிட, ஆண்டுதோறும் உருவாகும் புதிய கட்டை அதைச் சுற்றி வளர்ந்து மூடிக்கொள்கிறது, உறுப்பும் கேம்பியத்துக்கு ஈடாக நீள்கிறது. அதனால் வளையங்களை எண்ணி அந்த உறுப்பின் வயதைச் சொல்லிவிடலாம். பெட்டியோடு வரும் விளக்கத்தாள் இதைப் பற்றி ஒரு சொல்லும் கூறாதது வியப்பளிக்கிறது.

சந்தனம் ஏமாற்றமளிக்கிறது. பச்சை இலைகளோடு தானே உணவு தயாரிக்கும் மரமாயினும், அண்டையிலுள்ள வேர்களைப் பற்றி நீரையும் நைட்ரஜனையும் பெறுவதாலேயே அதன் கன்றுகளைத் துவரை போன்ற துணைச் செடியோடு வளர்க்கிறார்கள். அந்தப் பிடிப்பைக் காட்ட வேண்டிய தகட்டில் ஓம்புயிரின் வேர் உதிர்ந்துபோய், அது இருந்த இடம் வெற்று வளைவாக எஞ்சியிருக்கிறது. புகையிலைக் காளானின் வெட்டுகள் தடித்துச் செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிகின்றன. சுடுமல்லியின் தண்டு வெட்டு எந்தப் பயனும் தராது.

எனினும் சுடுமல்லியின் விதைத் தகடு பார்க்கத் தகுந்தது. அரை மில்லிமீட்டருக்கும் குறைவான அந்த விதைகளின் மேலுள்ள வரிமேடுகள் கூர்மையாகத் தெரிகின்றன. ஓம்புயிரின் வேரிலிருந்து கசியும் வேதிப்பொருள் எட்டினால்தான் இவை முளைக்கும். அவ்வகைப் பொருள்களில் முதலாவதான ஸ்ட்ரைகால் 1966-இல் பிரித்தெடுக்கப்பட்டது, சுடுமல்லி ஒட்டி வாழாத பருத்தியின் வேரிலிருந்து என்பது இத்துறையின் சுவையான முரண்களில் ஒன்று.

கண்ணாடிகளின் விளிம்புகள் மழுக்கப்பட்டுள்ளன; ஒட்டுப்பசையில் காற்றுக் குமிழிகள் இல்லை. ஆயினும் பத்தில் மூன்று தகடுகளே ஓம்புயிரோடான உறவை விளக்குவதால், முழுப் பெட்டியையும் வகுப்பறைக்குப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். தனித்தனியாக வாங்க வழியிருந்தால் கஸ்குட்டா, புல்லுருவி ஆகியவற்றின் இரண்டாம் தகடுகளையும் சுடுமல்லி விதையையும் எடுத்துக்கொள்ளலாம். நூறு மடங்கு உருப்பெருக்கமே பெரும்பாலும் போதும். புகையிலைக் காளானுக்குப் பதிலாக, உருவில் கஸ்குட்டாவை அப்படியே ஒத்து, குடும்பத்தால் இலவங்கப்பட்டையின் உறவாக உள்ள கொத்தானைத் தயாரிப்பாளர் சேர்த்தால், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அது பெரிதும் உதவும்.