ஊட்டிக் குளிரில் ஒரு தையல்காரியின் கைகளும் ஒரு யூரியா கிரீமும்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குக் குடிவந்து முதல் குளிர்காலத்தைப் பார்க்கும் தோழி ஒருத்தி, "அக்கா, கைக்கு என்ன தடவுகிறீர்கள்? என் விரல்நுனி உப்புத்தாளாகிவிட்டது. பட்டுப்புடவையைத் தொடவே பயமாக இருக்கிறது" என்று கேட்டாள். அவளும் என்னைப்போல் ரவிக்கை தைத்து, புடவைக்கு ஃபால்ஸ் (கீழ்க்கரையின் உள்பக்கம் தைக்கும் துணிப்பட்டை) வைத்துப் பிழைப்பவள். ஒரு கிரீமின் பெயரை மட்டும் சொல்லி அவளை அனுப்பிவிட மனம் வரவில்லை. சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. அதில் பாதி நன்றி, பாதி கோபம். கிரீமின் பெயரை எழுதப்போவதில்லை. மருந்துக்கடையில் டியூபில் கிடைக்கும், 10 சதவீதம் யூரியா கலந்த கிரீம் என்ற அளவில் புரிந்துகொண்டால் போதும்.

ஊருக்குப் புதியவர்கள் குளிருக்குத்தான் பயப்படுகிறார்கள். கையைக் கெடுப்பது வறட்சி. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி விடியலில் புல்லின்மேல் உறைபனி படியும்போது காற்றின் வெப்பம் பூஜ்ஜியத்தை ஒட்டி நிற்கும். அந்தக் குளிரில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 5 கிராம் நீராவிக்கு மேல் தாங்காது. மதியம் வெயில் ஏறி 20 டிகிரிக்கு வந்துவிட்டால் அதே காற்று 17 கிராம் வரை கேட்கும். மேகமும் மழையும் இல்லாத நாட்களில் அது நம் தோலிலிருந்தும் வாங்கிக்கொள்கிறது. அறைக்குள் ஹீட்டர் வைத்தாலும் இதே கணக்குதான். அறை சூடாகிறதே தவிர ஈரம் கூடுவதில்லை. உள்ளங்கையிலோ எண்ணெய்ச் சுரப்பிகளே கிடையாது. முகத்துக்கும் தலைக்கும் உடம்பே எண்ணெய் சுரந்து தருகிறது. உள்ளங்கைக்கும் விரல்நுனிக்கும் நாம்தான் தர வேண்டும்.

தையல் வேலை இதற்குமேல் தன் பங்கையும் சேர்க்கிறது. அளவு போடும் சாக்கட்டி விரலில் மிச்சமிருக்கும் எண்ணெயையும் உறிஞ்சிவிடும். வெளுக்காத கோறாத் துணியை நாள் முழுக்கத் தேய்த்து மடிக்க வேண்டும். பக்கத்திலேயே இஸ்திரிப்பெட்டி கொதித்துக்கொண்டிருக்கும். வெளிர்நிறத் துணியைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சோப்புக்கட்டி காரத்தன்மை உள்ளது, லேசான அமிலத்தன்மை உள்ள தோலின் மேற்பரப்பை அது கெடுத்துவிடும். குளிருக்கு இதமாக இருக்கிறது என்று சுடுதண்ணீரில் கழுவினால் இருக்கிற கொஞ்ச எண்ணெயும் போய்விடும்.

இப்படிக் காய்ந்த விரல் பட்டில் என்ன செய்யும் என்பதைத் தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள். புடவையின் முந்தானையைத் திருப்பிப் பாருங்கள். சில புடவைகளில் பூவேலைக்கு ஓடிய இழைகள் பின்பக்கம் வெட்டப்படாமல் தளர்வாகக் கிடக்கும். ஃபால்ஸ் வைக்கும்போது இடதுகை விரல்கள் அந்தப் பக்கத்தில்தான் நகர வேண்டும். விரல்நுனியில் தோல் உரிந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு செதில் நிமிர்ந்திருந்தால் போதும், இழை அதில் மாட்டும். மாட்டியது முதலில் கைக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். மிக மெல்லிய ஒரு சர்ரென்ற ஓசை. பார்த்தால் முன்பக்கத்தில் ஒரு பூவின் இதழ் சுருங்கியிருக்கும். ஊசிமுனையால் இழையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, நெசவை நீவிவிட்டு, பழையபடி படிய வைக்க அரை மணி நேரம் ஆகும். சில சமயம் படியவே படியாது. இன்னொருவர் வீட்டுக் கல்யாணப் புடவை அது.

அதற்காக எண்ணெயைத் தடவிக்கொண்டு உட்காரவும் முடியாது. காய்ந்த கை பட்டை இழுக்கும், பிசுக்குள்ள கை பட்டைக் கறையாக்கும். எந்த மருந்தையும் நான் எடைபோடுவது இந்த இரண்டுக்கும் நடுவில் வைத்துத்தான்.

தேங்காய் எண்ணெய் நல்லதுதான். ஆனால் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். இங்கே டிசம்பரில் பாட்டிலைச் சுடுதண்ணீரில் நிறுத்தினால்தான் வெளியே வரும். இரவுக்குச் சரி, வேலைக்கு ஆகாது. கிளிசரினைப் பன்னீரில் கலந்து தடவினால் ஈரத்தைப் பிடித்து வைக்கும், விலையும் மலிவு. ஆனால் பிசுபிசுக்கும், சாக்கட்டித் தூள் முழுக்க அதில் ஒட்டிக்கொள்ளும். நீலகிரித் தைலத்தை வெடிப்பில் தடவலாமா என்று சுற்றுலா வருபவர்கள் கடைகளில் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். கூடவே கூடாது. திறந்த தோலில் அது எரிச்சலை ஏற்றிவிடும்.

பெட்ரோலியம் ஜெல்லியை மட்டும் ஒரு வரியில் தள்ளிவிட முடியாது. ஈரத்தை உள்ளே பூட்டுவதில் அதற்கு நிகரான மலிவான பொருள் கிடையாது. ராபர்ட் செஸ்ப்ரோ என்ற வேதியியலாளர் பென்சில்வேனியாவின் எண்ணெய்க் கிணறுகளுக்குப் போனபோது, இறைக்கும் தண்டுகளில் படியும் மெழுகுப் பிசுக்கை அங்கிருந்த தொழிலாளர்கள் வெட்டுக்கும் தீக்காயத்துக்கும் தடவுவதைக் கண்டார். அதைச் சுத்திகரித்து 1872இல் வாசலைன் என்ற பெயரில் காப்புரிமை பெற்றார். உழைக்கிற கைகள் தாமே கண்டுபிடித்த மருந்து அது என்பதால் எனக்கு அதன்மேல் தனி மரியாதை உண்டு. ஆனால் அந்தத் தொழிலாளர்கள் யாரும் அடுத்த நிமிடம் அரக்கு நிறப் பட்டைத் தொட வேண்டியிருக்கவில்லை. ஜெல்லி தடவிய விரல் பட்டில் பட்டால் அந்த இடம் கருத்துவிடும். உடனே சாக்கட்டியைப் பொடித்துத் தூவி, ஊறவிட்டுத் தட்டினால் பெரும்பாலும் போய்விடும். கையைக் காயவைக்கும் அதே சாக்கட்டிதான் அங்கே புடவையைக் காப்பாற்றுகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தப் பதற்றத்தை யார் தாங்குவது?

ஆகவே ஜெல்லி எனக்கு இரவு மருந்து. அது தானாக ஈரம் தராது, இருக்கிற ஈரத்தைத்தான் காக்கும். அதனால் கையை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, ஒற்றித் துடைத்து, ஈரம் போவதற்குள் தடவ வேண்டும். மேலே பருத்திக் கையுறை. ரவிக்கைக்கு வெட்டி மிஞ்சிய லைனிங் துணியில் நானே தைத்துக்கொண்டேன். தையல் வெளிப்பக்கம் வரும்படி தைக்க வேண்டும். உள்ளே வந்தால் ஓரம் வெடிப்பில் உரசிக்கொண்டே இருக்கும்.

பகலுக்கு அந்த யூரியா கிரீம். வயலுக்குப் போடும் யூரியாவா என்று கேட்பவர்கள் உண்டு. அதே வேதிப்பொருள்தான், மருந்துத் தரத்தில். நம் தோலின் மேலடுக்கிலேயே யூரியா இயற்கையாக இருக்கிறது. ஈரத்தைப் பிடித்து வைப்பது அதன் வேலை. 10 சதவீத அளவில் தோலை மென்மையாக்கி, நிமிர்ந்து நிற்கும் செதில்களைப் படிய வைக்கும். 20, 40 என்று அளவு கூடினால் தடித்த தோலையே கரைக்கும். அது குதிகால் பித்தவெடிப்புக்கானது, விரல்நுனிக்கு வேண்டாம்.

இந்தக் கிரீம் எனக்குச் செய்த உபகாரத்தை எப்படிச் சொல்வது! பட்டாணி அளவு எடுத்து, விரல்நுனிகளிலும் நகக்கண்களிலும் தேய்த்து, இஸ்திரி போடும் நேரம் மட்டும் பொறுத்தால் போதும். உள்ளே இறங்கிவிடும். ஒரு வெள்ளைத் துணியில் விரலை அழுத்திப் பார்ப்பேன், அடையாளம் விழாது. பிறகு பட்டின் பின்பக்கத்தில் கையை ஓட்டினால் எங்கும் மாட்டாமல், தடங்கலே இல்லாமல் வழுக்கிப் போகும். குளிர்காலத்தில் என் விரல்கள் எனக்குத் திரும்பக் கிடைத்த மகிழ்ச்சி அது. ஃபால்ஸ் வைக்கும் வேகமே கூடியது.

எதிர்பாராத நன்மை ஒன்றும் கிடைத்தது. ரேஷன் கடையில் விரல்ரேகை வைக்கும்போது ஜனவரி, பிப்ரவரியில் இயந்திரம் என் விரலை ஏற்காது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், மறுகை என்று மாற்றி மாற்றி வைப்பதற்குள் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்கத் தொடங்குவார்கள். தோல் காய்ந்து வெடித்தால் ரேகை சரியாகப் பதியாது. இந்தக் கிரீமை ஒழுங்காகத் தடவத் தொடங்கிய பிறகு முதல் விரலிலேயே அரிசி வாங்கிவிடுகிறேன்.

குறை இல்லாமல் இல்லை. வெடிப்பு திறந்திருக்கும்போது தடவினால் சுரீரென்று எரியும். யூரியாவின் இயல்பு அது, கிரீமைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆழமான வெடிப்பு இருந்தால் முதலில் சில இரவுகள் ஜெல்லியும் கையுறையும் போட்டு, வாய் மூடிய பிறகு கிரீமுக்கு வருவது நல்லது. அரிப்பு, நீர்க்கொப்புளம், சிவந்த தடிப்பு என்று இருந்தால் அது வெறும் வறட்சியாக இருக்காது. தோல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

இனி கோபத்துக்கு வருகிறேன். இந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் வாங்கிய டியூப் புது அட்டைப்பெட்டியில் வந்தது. மூடி முன்பைவிட நன்றாக இருந்தது, திருகாமல் ஒரு கையாலேயே திறக்கலாம். விலையும் கொஞ்சம் குறைந்திருந்தது. இரண்டுக்கும் உரிய பாராட்டைக் கொடுத்துவிடுகிறேன். திறந்ததும் வந்தது ஒரு வாசனை. பூவா, பழமா என்று சொல்ல முடியாத, இனிப்பான, தலையில் ஏறும் வாசனை. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் பொருள்களின் பட்டியலில் கடைசி வரியில் பர்ஃப்யூம் என்று புதிதாக ஒரு சொல்.

வெடித்த கைக்குப் போடும் மருந்தில் வாசனைக்கு என்ன வேலை? தொட்டால் வரும் தோல் ஒவ்வாமைக்கு வாசனைப் பொருள்கள் நன்கு அறியப்பட்ட காரணங்களில் ஒன்று. முழுத் தோலைவிடப் பிளந்த தோலில் அவை எளிதாக உள்ளே போகும். எரிச்சலைத் தணிக்க வாங்கும் பொருளிலேயே எரிச்சலுக்கு வழி வைத்துக் கொடுப்பது என்ன நியாயம்? யூரியாவின் எரிச்சல் ஒரு பலனுக்கான விலை. இந்த எரிச்சலால் யாருக்கு என்ன பலன்?

என் தொழிலுக்கு இது இன்னும் பெரிய கேடு. பட்டு வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புதுப் பட்டுக்கென்று ஒரு மணம் உண்டு. கஞ்சியும் நூலும் சரிகையும் கலந்த மணம். கல்யாணப் பெண்ணின் அம்மா ஒருவர் ரவிக்கையைப் பிரித்ததும் முகத்தருகே கொண்டுபோய், "என்ன சென்ட் அடித்தீர்கள்?" என்று கேட்டார். அவர் அதட்டிக் கேட்கவில்லை. எனக்குத்தான் உடம்பு கூசியது. வெயிலில் காட்டினால் நிறம் மங்கும், நனைத்தால் பட்டின் மெருகு போய்விடும். காற்றாட நிழலில் தொங்கவிட்டு, மறுநாள் வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

பெட்டியில் இருந்த வாடிக்கையாளர் எண்ணுக்குப் பேசினேன். பெரும்பாலானவர்களுக்கு வாசனை பிடித்திருக்கிறது என்றார்கள். இருக்கலாம், அவர்களுக்காக வேறொரு டியூபில் விற்கலாமே!

ஆக என் தீர்ப்பு இது. பகல் வேலைக்கு இதைவிட நன்றாக உழைக்கும் கை கிரீமை நான் பயன்படுத்தியதில்லை. வாங்காதீர்கள். பழைய பெட்டி எங்காவது கடையில் மிச்சமிருந்தால், தேதியைப் பார்த்துவிட்டு இரண்டாக எடுத்து வையுங்கள். தோழிக்கும் இதையே சொன்னேன். இப்போது வேறொரு நிறுவனத்தின் வாசனையற்ற யூரியா கிரீமுக்கு மாறியிருக்கிறேன். அது இறங்க நேரமாகிறது. வெள்ளைத் துணியில் அழுத்தினால் லேசான அடையாளம் விழுகிறது. அதனால் பட்டு வேலையைப் பிற்பகலுக்குத் தள்ளி, காலையில் பருத்தி ரவிக்கைகளை முடிக்கிறேன். பழைய கிரீமின் நிறுவனம் வாசனையை எடுத்துவிட்டால் விலையைக் கூட்டினாலும் அதே டியூபுக்குத் திரும்பிவிடுவேன். அதுவரை என் தையல் மெஷின் பக்கத்தில் அதற்கு இடமில்லை.