ஃபிளையிங் ஸ்கொட்ஸ்மன் மொடல்: வடிவுக்குக் குறையில்ல, வருசம்தான் குழப்பம்

அத்தான் லண்டனில இருந்து வரேக்க கொண்டுவந்த சாமான் இது, அதால எந்தக் கடை எண்டு கேக்காதேங்கோ, கம்பனி பேரும் நான் போடேல்ல. ஃபிளையிங் ஸ்கொட்ஸ்மன் எண்ட, இங்கிலாந்தில பேர்போன கரி ரெயில் எஞ்சினிட மொடல், 1க்கு 76 அளவு, எஞ்சினும் பின்னால கரி ஏத்துற டெண்டரும் சேத்து 28 சென்ரிமீற்றர் வரும், கூடவே மூண்டு பெட்டி, வட்டமாப் பூட்டுற தண்டவாளம், ஒரு கொன்ட்ரோலர். எல்லாத்துக்கும் 200 பவுண்ஸுக்குக் கிட்ட முடிஞ்சதாம். எங்கட காசுக்கு மாத்திப் பாத்திட்டு முதல் ஒரு கிழமை பெடியனிட கையில குடுக்காம அலுமாரிக்குள்ளதான் வச்சிருந்தன். இப்ப நாலு மாசமா மாங்குளத்தில எங்கட வீட்டு விறாந்தையில ஓடுது, நல்லாப் பாவிச்சுப் பாத்தாச்சு எண்டபடியா எழுதுறன்.

முதல் நல்லதைச் சொல்லுறன். பெயின்ட் வேலை அப்பிடி ஒரு வடிவு. அந்த அப்பிள் பச்சை, அதுக்கு மேல தலைமயிர் கனத்தில வெள்ளையும் கறுப்புமா ஓடுற கோடு, சக்கரத்துக்கு மேல வளைவில பித்தளை நிறத்தில பேர்ப்பலகை, எழுத்து பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தாலும் கலங்கேல்ல. பெரிய சக்கரம் ஆறும் கம்பியோட சேந்து சுத்துறதைத் தரையில படுத்துக் கிடந்து பாக்கோணும். உண்மையான எஞ்சினில அந்தச் சக்கரம் 6 அடி 8 அங்குலம், அப்பா நிமிந்து நிண்டாலும் அங்கால நிக்கிற ஆளுக்குத் தலை தெரியாது. எஞ்சின் மட்டும் 96 தொன். அதை உள்ளங்கையில வச்சுப் பாக்கேக்க ஒரு மாதிரித்தான் இருக்கு.

ஓட்டம் பரவாயில்ல. கொன்ட்ரோலரை எங்கட 230 வோல்ட்டுக்கு நேராவே குத்தலாம், அது 12 வோல்ட்டாக் குறைச்சுத் தண்டவாளத்துக்கு அனுப்பும். ஆனா வன்னிப் புழுதி இருக்கே, அதுதான் இதுக்கு எமன். கதவைத் திறந்து வச்சிட்டு ஒரு மத்தியானம் ஓட விட்டாச் சக்கரத்தில செம்மண் படிஞ்சு கரண்ட் எடுக்காம விக்கி விக்கி ஓடுது, பேந்து பஞ்சில கொஞ்சம் ஸ்பிரிட் நனைச்சு ஆறு சக்கரத்தையும் துடைச்சா ஒழுங்கா வருது. மாரியில தண்டவாளம் மங்கிக் கறுத்துப் போகும், அதையும் துடைக்கோணும். சீமெந்துத் தரையில நேரப் போட்டா மேடு பள்ளத்தில கழண்டு விழும், நாங்கள் கிளிநொச்சியில ஒரு மரக்கடையில எட்டடிக்கு நாலடிப் பிளைவூட் ஒண்டு வாங்கி அதில பூட்டினாப் பிறகுதான் நிம்மதி. வட்டத்துக்கு மட்டும் ஒரு மீற்றர் அகலம் வேணும், சின்ன மேசை காணாது. பார்சலுக்குள்ள எஞ்சினிட பக்கத்துக் கைப்பிடிக் கம்பி ஒண்டு கழண்டு கிடந்தது, சுப்பர் குளூவால ஒட்டினன், இப்ப தெரியாது.

இனித்தான் நான் முக்கியமாச் சொல்ல வந்த விசயம்.

பெட்டிக்கு மேல பெரிய எழுத்தில 1923 எண்டு போட்டிருக்கு, உள்ளுக்கு வந்த சின்னப் புத்தகத்திலயும் 1923இல டொன்காஸ்டரில நைஜல் கிரெஸ்லியின்ர வடிவமைப்பில கட்டின எஞ்சின் எண்டு கதை. சரிதான், கட்டினது அப்பதான். ஆனா உள்ள இருக்கிற மொடல் 1923ஆம் ஆண்டு எஞ்சின் இல்ல. பச்சையும் 4472 எண்ட இலக்கமும் பழசு, ஆனா சிமினி ரெட்டைச் சிமினி, முன்னுக்கு ரெண்டு பக்கமும் புகையை மேல தள்ளிவிடுற தகடு நிக்குது. ரெட்டைச் சிமினி போட்டது 1959 தை மாசம், தகடு பூட்டினது 1961. அந்த நேரம் எஞ்சினுக்கு இந்தப் பச்சையும் இல்ல, இந்த இலக்கமும் இல்ல, கடும்பச்சை அடிச்சு 60103 எண்டு எழுதியிருந்தவை. நான் இதைக் கண்டவுடன அத்தானுக்கு வட்சப்பில வொய்ஸ் போட்டன், அத்தான் உங்களை ஏமாத்திப்போட்டாங்கள், முகம் ஒரு காலம் உடுப்பு ஒரு காலம் எண்டு.

பிறகு இருந்து தேடிப் பாத்தா, ஏமாத்தேல்ல. 2000களிட தொடக்கத்தில அந்த எஞ்சின் மெய்யாவே இப்பிடித்தான் ஓடியிருக்கு. பழைய பச்சை, பழைய இலக்கம், பிந்தி வந்த ரெட்டைச் சிமினி, பிந்தி வந்த தகடு, எல்லாம் ஒண்டாச் சேத்து. ஏனெண்டா பாக்க வாற சனத்துக்குப் பச்சையில 4472 எண்டாத்தான் ஸ்கொட்ஸ்மன், எஞ்சினுக்கு எண்டா ரெட்டைச் சிமினியோடதான் மூச்சு நல்லா வரும், அப்ப புகை கீழ படுத்து ஓட்டுறவரிட கண்ணை மறைக்கும், அதுக்குத் தகடு வேணும். அப்ப மொடல் பிழையில்ல, பெட்டியில அடிச்ச வருசம்தான் பிழை. இது சின்ன விசயம் எண்டு கனபேர் சொல்லுவினம். எனக்கு அப்பிடி இல்ல. காசு குடுத்து வாங்கிற பிள்ளை அதைத்தானே 1923 எண்டு படிக்கப் போகுது.

அந்த எஞ்சினிட முகம் எத்தினை தரம் மாறினது எண்டு பாத்தா எனக்கு நித்திரையே வரேல்ல. 1923 மாசி மாசம் வெளிய வரேக்க இலக்கம் 1472, பேரே இல்ல. அடுத்த வருசம் வெம்பிளிக் கண்காட்சிக்கு வைக்கத்தான் பேரும் 4472உம் வந்தது. 1928இல லண்டனில இருந்து எடின்பரோவுக்கு 631 கிலோமீற்றர் நிப்பாட்டாமப் போக, டெண்டருக்குள்ளால ஆள் நடந்து போற மாதிரி ஓடை வச்ச புது டெண்டர், அப்பதானே ஓட்டுற ஆக்கள் வழியில மாறலாம். ரெண்டாம் உலகச் சண்டைக்குள்ள முழுக்கக் கறுப்பு. 1946இல இலக்கம் முதல் 502, பிறகு 103. 1947இல பொயிலரை மாத்திக் கூடின அமுக்கத்துக்குக் கொண்டுவந்தினம். பிறகு கொஞ்சக் காலம் நீலம். பிறகு கடும்பச்சை. 1963 தையில வேலையால நிப்பாட்டி இரும்புக்குப் போக இருந்ததை அலன் பெக்லர் எண்டவர் 3000 பவுண்ஸுக்கு வாங்கித் திருப்பி அப்பிள் பச்சையாக்கி, ஒற்றைச் சிமினியாக்கி, தகட்டையும் கழட்டிப்போட்டார். 1969இல அமெரிக்காவுக்குக் கொண்டுபோகேக்க முன்னுக்கு மணியும் மாட்டைத் தள்ளுற கம்பிக்கூடும் பூட்டினது, அங்க காசு முடிஞ்சு மனிசன் நொடிச்சுப்போக எஞ்சின் சான் ஃபிரான்சிஸ்கோப் பக்கம் அநாதையா நிண்டது, 1973இல வில்லியம் மக்அல்பைன் வாங்கித்தான் பனாமாக் கால்வாயால கப்பலில வீட்டுக்கு வந்தது. ஒவ்வொரு பெரிய திருத்தத்திலயும் பொயிலர் வேற எஞ்சினுக்குப் போகும், வேற பொயிலர் இதுக்கு வரும், அந்தக் காலத்தில வேர்க்சொப்புகளில அதுதான் வழமை. அப்ப 1923இல கட்டினதில இப்ப மிச்சம் எவ்வளவு எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

2004இல யோர்க்கில இருக்கிற தேசிய ரெயில்வே அருங்காட்சியகம் 23 இலட்சம் பவுண்ஸ் குடுத்து வாங்கினது. திருத்த 2006இல தொடங்கி 2016 மட்டும் இழுபட்டு 42 இலட்சம் பவுண்ஸ் முடிஞ்சுது. அவை எடுத்த முடிவுதான் எனக்குச் சரியாப் பிடிச்சது. சனம் பச்சையில 4472 கேட்டும், ரெட்டைச் சிமினியும் தகடும் உள்ள உடம்புக்கு அந்தக் காலத்து உடுப்புத்தான் போடோணும் எண்டு கடும்பச்சையும் 60103உம் அடிச்சு 2016 மாசி 25 லண்டனில இருந்து யோர்க்குக்கு ஓட்டினவை. அதுக்கு முதல் தையில சோதிச்சுப் பாக்க ஓட்டேக்க எஞ்சின் கறுப்பில நிண்டது.

கறுப்பு எண்டாப்போல அப்பா. அப்பாவுக்கு இப்ப எண்பதுக்கு மேல. மகன் ஏழாம் ஆண்டு, அவன் முதல்நாள் பூட்டி ஓட்டேக்க அப்பப்பாவை வந்து பாருங்கோ எண்டு கூப்பிட்டான். அப்பா கதிரையைக் கிட்ட இழுத்துப்போட்டு இருந்து கனநேரம் பாத்திட்டுச் சொன்னார், “நல்ல வடிவு தம்பி, ஆனா கரிக்கோச்சி கறுப்பெல்லோ.” அவர் சின்னப் பெடியனா மாங்குளம் ஸ்டேசனில நிண்டு பாத்த கோச்சி எல்லாம் கறுப்பு. 1956 சித்திரையில யாழ்தேவி டீசலில வரத் தொடங்கினாப் பிறகும் சாமான் கோச்சி கரியிலதான் வந்ததாம், யன்னலால தலையை நீட்டினாக் கண்ணுக்குள்ள கரித்தூள், யாழ்ப்பாணம் போய் இறங்கேக்க வெள்ளைச் சேட்டுச் சாம்பல் நிறமாம். அந்தக் கோச்சிகள் என்ன வகுப்பு என்ன இலக்கம் எண்டு அவருக்கு ஞாபகம் இல்ல. பெயின்டே கறுப்போ இல்லாட்டிக் கரி படிஞ்சு கறுத்ததோ எண்டு கேட்டன், “ரெண்டும்தான்” எண்டார்.

கடுகண்ணாவையில 2014 டிசம்பர் 27, முதல் ரெயில் ஓடி 150 வருசம் எண்டு திறந்த அருங்காட்சியகம் இருக்கு, மகன் பள்ளிக்கூடச் சுற்றுலாவில போய்ப் பாத்தவன், பழைய எஞ்சின் எல்லாம் புதுப் பெயின்ட்டில மினுங்குது எண்டு வந்து சொன்னான். நல்ல விசயம், துருப்பிடிச்சுக் கிடக்கிறதை விடப் பெயின்ட் நல்லது. ஆனா வன்னியில எங்களுக்கு அந்தக் காலத்தில ஒரு நட்டு கூட மிஞ்சேல்ல. 1905 ஆவணியில இருந்து இந்தக் காட்டுக்குள்ளால யாழ்ப்பாணத்துக்குப் போன பாதை 1990 ஆனியோட நிண்டது, பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போச்சு. எங்கட வீட்டுப் பங்கருக்கு மேலயும் சிலிப்பர் கட்டைதான் அடுக்கினது, அதுக்குள்ள இருந்துதான் நாங்கள் உயிர் தப்பினது, அதால அதைக் குறையாச் சொல்ல எனக்கு வாய் வராது. 2013 புரட்டாதியில கிளிநொச்சிக்குத் திரும்ப ரெயில் வரேக்க எல்லாமே புதுசு, கட்டடம் புதுசு, பலகை புதுசு, சிலிப்பரும் கொங்கிறீட். அப்பா அண்டைக்குப் போய்ப் பாத்திட்டு வந்து சந்தோசம் எண்டார், பிறகு பழைய ஸ்டேசன் எந்தப் பக்கம் பாத்து நிண்டது எண்டு அம்மாவோட ரெண்டு நாள் வாதாடினவர். ஒரு படம் இருந்திருந்தா அந்த வாதாட்டமே வந்திராது.

இதாலதான் பெட்டியில போட்ட வருசத்துக்கு நான் இவ்வளவு கதைக்கிறன்.

அப்பாவுக்காகக் கறுப்புப் பெயின்ட் அடிப்பம் எண்டு முதல் நினைச்சன், வவுனியாவில ஸ்பிறே ரின்னும் விசாரிச்சன், மகன் அழாத குறை. அந்தக் கோடும் எழுத்தும் ஒருக்கா மூடினாப் பிறகு எடுக்க ஏலாது. கடைசியா அடுப்புக்கரியை அம்மியில அரைச்சு, துணியில சலிச்சு, மெல்லிய தூரிகையால டெண்டருக்கு மேலயும் சிமினியைச் சுத்தியும் பொயிலரிட முதுகிலயும் மட்டும் தடவினன். வார்னிஷ் ஒண்டும் பூசேல்ல. ஈரத் துணியால துடைச்சாப் பச்சை அப்பிடியே வரும், வேண்டாம் எண்டா ஒரு நிமிசத்தில பழையபடி ஆக்கலாம். செய்யிற ஆக்களுக்கு ஒண்டு: சக்கரத்துக்கும் அடியில மோட்டருக்கும் கரி போகாமக் கடதாசி சுத்திப்போட்டுச் செய்யுங்கோ, கரித்தூள் உள்ளுக்குப் போனா மோட்டர் கெடும்.

வாங்கலாமோ எண்டு கேட்டா, வாங்கலாம், ஆனா வீட்டில இடமும் துடைக்கப் பொறுமையும் இருக்கோணும், ஏழெட்டு வயசுப் பிள்ளைக்கு விளையாட்டுச் சாமானா வாங்காதேங்கோ, கம்பியெல்லாம் ஒரு நாளில முறிஞ்சுபோம். 1923 எஞ்சின் வேணும் எண்டா ஒற்றைச் சிமினி, தகடு இல்லாதது, 1472 இலக்கம் எண்டு கேட்டு வாங்குங்கோ, பெட்டிப் படத்தை நம்பாதேங்கோ. வெளியில இருந்து ஆரும் கொண்டு வருவினம் எண்டாக் கையோட கொண்டுவரச் சொல்லுங்கோ, சூட்கேசுக்கு நடுவில உடுப்பால சுத்தி. அஞ்சுக்கு நாலு குடுப்பன், அந்த ஒண்டு வருசத்துக்குக் குறைச்சது.

இன்னொண்டு. பிளைவூட்டில ஒரு பக்கத்துக்கு மாங்குளம் ஸ்டேசனைப் பழைய மாதிரியே காட்போட்டில செய்வம் எண்டு மகனும் அப்பாவும் நிக்கினம், அப்பா சொல்லச் சொல்ல அவன் கீறுறான், ஆனா கூரை ஓடோ தகரமோ எண்டதில ரெண்டு பேருக்கும் இன்னும் முடிவில்ல. 90க்கு முந்தின மாங்குளம் ஸ்டேசன் படம், கலியாண வீட்டுப் படத்தில பின்னால தெரியிறதெண்டாலும் பரவாயில்ல, ஆரிட்டையும் இருந்தாக் கீழ போட்டு விடுங்கோ.