எல்.எஸ்.ஏ.சி. சிபாரிசுக் கடிதச் சேவை: திருகோணமலையிலிருந்து பார்க்கையில்

எல்.எஸ்.ஏ.சி. என்பது அமெரிக்கச் சட்டக்கல்லூரி விண்ணப்பங்களைக் கையாளும் அமைப்பு (Law School Admission Council). அக்கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் நம் வளாகப் பட்டதாரிகளுக்கு அதன் சிபாரிசுக் கடிதச் சேவை நல்ல சேவை. விரிவுரையாளர் கடிதத்தை ஒருமுறை கொடுத்தால் போதும், பல கல்லூரிகளுக்கும் அதுவே போகும்.

உங்கள் எல்.எஸ்.ஏ.சி. கணக்கில் விரிவுரையாளரின் பெயர், மின்னஞ்சல் இரண்டையும் பதிந்து கோரிக்கை அனுப்ப வேண்டும். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று கேட்கும். விட்டுக்கொடுங்கள், மாணவர் பார்க்காத கடிதத்துக்குத்தான் மதிப்பு அதிகம். பதிவேற்றும் இணைப்பு அவருக்கு மின்னஞ்சலில் போகும். பல நேரம் அது ஸ்பாமுக்குள் விழுந்து கிடக்கும், ஆகவே அன்றைக்கே அவரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். கையொப்பமில்லாத கடிதம் செல்லாது. தலைப்புத்தாளில் அச்சிட்டு, ஒப்பமிட்டு, ஸ்கேன் செய்வதே பாதுகாப்பு. தபாலிலும் அனுப்பலாம், எல்.எஸ்.ஏ.சி.யின் சிபாரிசுப் படிவத்தைச் சேர்த்து. ஆனால் திருகோணமலையிலிருந்து எல்.எஸ்.ஏ.சி. அலுவலகம் இருக்கும் பென்சில்வேனியாவுக்குத் தபால் போய்ச் சேரும்வரை காத்திருப்பது வீண்.

பெரிய குறை ஒன்று. கடிதம் வந்துவிட்டது என்று திரை காட்டியதும் வேலை முடிந்ததாகத் தோன்றும். முடியவில்லை! ஒவ்வொரு கல்லூரிக்கும் அந்தக் கடிதத்தை நீங்களே ஒதுக்க வேண்டும். ஒதுக்காவிட்டால் அங்கே விண்ணப்பம் அரைகுறையாகவே கிடக்கும். இதை இன்னும் பளிச்சென்று சொல்லியிருக்க வேண்டும். பெரும்பாலான கல்லூரிகளுக்கு இரண்டு கடிதம் போதும்.