ஏ.சி.எல். கிழிந்த முட்டி: ஆபரேஷனா, பயிற்சியா, பிரேஸா?

பனிச்சறுக்கில் முட்டி போனவர்களிடம் பேசினால் முக்கால்வாசிப் பேர் அந்தச் சத்தத்தைச் சொல்வார்கள். உள்ளே ஏதோ 'டப்' என்று அறுந்த மாதிரி. எனக்கும் அதேதான். வேகம்கூட இல்லை. திரும்பும்போது உடம்பு பின்னால் சாய்ந்து, இடுப்பு முட்டிக்குக் கீழே இறங்கிவிட்டது. விழாமல் எப்படியாவது எழுந்துவிடலாம் என்று உந்தினேன். பள்ளத்துப் பக்கம் இருந்த பலகையின் வால் பனியில் ஊன்றிக்கொண்டு, முட்டியை நெம்புகோல் போட்டுத் திருகியதுபோல் திருகியது. பூட்ஸைப் பலகையோடு பிடித்து வைக்கும் பைண்டிங் கழன்றுகொள்ளவே இல்லை. அதன்மேல் குறை சொல்லிப் பயனில்லை. பைண்டிங் முக்கியமாகக் கீழ்க்கால் எலும்பு முறியாமல் காக்க வடிவமைக்கப்பட்டது. பின்னால் சாய்ந்து மெதுவாகத் திருகிக்கொள்ளும் விழுகையில் அது பெரும்பாலும் அசைந்து கொடுக்காது.

ஸ்கேனில் இரண்டு ஜவ்வு அடிபட்டிருந்தது. முட்டியின் உள்பக்கத்து எம்.சி.எல். பாதி கிழிசல், நடுவிலிருக்கும் ஏ.சி.எல். முழு அறுப்பு. முதலாவதைப் பற்றி அலச ஒன்றுமில்லை. ரத்த ஓட்டம் உள்ள இடம் என்பதால் பெரும்பாலும் பிரேஸ் (முட்டியை அசையாமல் தாங்கும் கவசம்) போட்டு, அளவாக நடமாடி, சில வாரங்களில் அதுவே ஒட்டிக்கொள்ளும். ஏ.சி.எல். விஷயம் வேறு. மூட்டு நீருக்கு நடுவே கிடக்கும் அந்த ஜவ்வு அறுந்தால் இரண்டு முனையும் விலகிப்போகும். இடையில் பாலம்போல் உறைய வேண்டிய ரத்தம் கரைந்துவிடும். தானாகச் சேரவே சேராது என்று சொல்ல முடியாது, ஆனால் அதை நம்பி உட்கார முடியாது. அதனால்தான் இத்தனை கட்சி, இத்தனை வாதம்.

வாதத்துக்கே இடமில்லாத ஒரு நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். முட்டி எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பான மெனிஸ்கஸ் கிழிந்து மடங்கி உள்ளே சிக்கிக்கொண்டு, காலை நீட்டவே முடியாமல் பூட்டிக்கொண்டால் ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது. பல ஜவ்வுகள் ஒன்றாகப் போயிருந்தாலும் கதை வேறு. மற்றவர்களுக்கு ஓரிரு வாரம் யோசிக்க நேரம் இருக்கிறது. வீங்கி விறைத்த முட்டியில் அவசரமாகக் கத்தி வைத்தால் விறைப்பு நிலைத்துப்போகும் ஆபத்து உண்டு. வீக்கம் வடிந்து, கால் முழுக்க நீளட்டும் என்றுதான் சர்ஜன்களே பெரும்பாலும் சொல்கிறார்கள்.

சரி, ஆபரேஷன். அறுந்ததைத் தைப்பார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வழக்கமான முறை அதுவல்ல. உங்கள் உடம்பிலிருந்தே ஒரு தசைநாரை எடுத்து, தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் துளை போட்டு, புது ஜவ்வாகப் பொருத்துகிறார்கள். எங்கிருந்து எடுப்பது என்பதில் ஒரு குட்டிச் சண்டை நடக்கிறது. முட்டிச் சில்லுக்குக் கீழிருந்து எடுத்தால் பிடிப்பு உறுதி, ஆனால் மண்டி போடும்போது நாள்பட வலிக்கலாம். தொடையின் பின்பக்கத்திலிருந்து எடுத்தால் முன்பக்க வலி குறைவு, மடக்கும் பலம் கொஞ்சம் போகும். தொடையின் முன்பக்கத்துத் தசைநாரும் இப்போது பரவலாகிவருகிறது. இறந்தவர் தானமளித்த தசைநார், ஓடியாடும் இளவயதினருக்குச் சரிவராது. மறுபடி அறுவது அதில் அதிகம். இதற்குமேல் இணையத்தில் தேடித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை. சர்ஜனின் கைக்குப் பழகியது எது என்பதும் ஒரு காரணம்தான்.

அடுத்தது, கத்தியில்லாமல் பயிற்சி. இந்தக் கட்சிக்குப் பலம் சேர்த்தது 2010-இல் ஸ்வீடனிலிருந்து வந்த கேனான் ஆய்வு. ஏ.சி.எல். புதிதாக அறுந்த 121 இளையவர்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடனே ஆபரேஷனும் பயிற்சியும், மறுபாதிக்குப் பயிற்சி மட்டும். தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன். இரண்டு வருடம் கழித்து வலி, நடமாட்டம், விளையாட்டு எல்லாம் சேர்த்துப் பார்த்ததில் பெரிய வித்தியாசம் இல்லை. பயிற்சிப் பிரிவில் இருந்த 59 பேரில் 23 பேர் அதற்குள் ஆபரேஷனுக்குப் போயிருந்தார்கள். ஐந்து வருடத்தில் அது 30 ஆனது.

இந்த 30-ஐ வைத்துத்தான் இரண்டு தரப்பும் கயிறு இழுக்கிறது. "பாதிப்பேருக்குக் கத்தியே தேவைப்படவில்லை பார்" என்கிறது ஒரு தரப்பு. "பாதிப்பேர் கடைசியில் அங்கேதானே வந்தார்கள்" என்கிறது மற்றது. இரண்டும் உண்மை. நீங்கள் எந்தப் பாதி என்பது முதல் மாதத்தில் தெரியாது, அதுதான் சிக்கல்.

2022-இல் பிரிட்டனிலிருந்து வந்த ஆய்வு இதற்கு எதிர்ப்பாட்டுப் போலத் தெரியும். 316 பேர், ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் முட்டிதான் நன்றாக இருந்தது. ஆனால் அவர்கள் புதிதாக விழுந்தவர்கள் அல்ல. அடிபட்டு நாளாகியும் முட்டி நழுவிக்கொண்டே இருந்தவர்கள். அதனால் இரண்டு ஆய்வும் மோதவில்லை என்பதே என் கணக்கு. புதுக் காயத்துக்குப் பயிற்சியைக் கொடுத்துப் பார்க்கலாம். பிறகும் நழுவுகிற முட்டியை மேலும் பயிற்சியிலேயே ஓட்டுவது வீம்பு. ஒவ்வொரு நழுவலும் மெனிஸ்கஸைத் தேய்க்கும், கிழிக்கும். அதற்கு மாற்று உதிரிபாகம் கிடையாது.

மூன்றாவது ஆளும் களத்தில் இருக்கிறார். ஆஸ்திரேலியாவின் கிராஸ் பிரேஸ் முறை. முட்டியை 90 டிகிரியில் மடக்கி நான்கு வாரம் பூட்டிவிடுகிறார்கள். அறுந்த முனைகள் நெருங்கி வந்து ஒட்டட்டும் என்பது எண்ணம். பிறகு படிப்படியாகத் தளர்த்தி, 12 வாரத்தில் பிரேஸைக் கழற்றுவார்கள். 2023-இல் வெளியான முடிவில் 80 பேரில் 90 சதவீதத்தினருக்கு ஸ்கேனில் ஜவ்வு சேர்ந்த அடையாளம் தெரிந்தது. கேட்க ஆசையாக இருக்கிறது, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க எதிர்ப்பிரிவு வைக்காத ஆய்வு அது. ஸ்கேனில் சேர்ந்த ஜவ்வு சரிவில் தாங்குமா என்பது தனிக் கேள்வி. காயம்பட்டு சில வாரங்களுக்குள் தொடங்கவும் வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து, மாதம் முழுக்க மடங்கிய கால், குளிக்கப்போவதற்கே ஒரு துணை. எனக்குத் துணிவு வரவில்லை.

நான் எடுத்தது பயிற்சி. முதல் வாரத்தின் சாதனை என்ன தெரியுமா? சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வைத்து, முட்டியின் பின்பக்கத்தை மெத்தையை நோக்கி அழுத்துவது. தொடைத் தசை கேட்கவே மாட்டேன் என்றது. முட்டி வீங்கினால் மூளை அந்தத் தசைக்கு உத்தரவு போவதையே குறைத்துவிடுமாம். பிசியோ தன் உள்ளங்கையை முட்டிக்குக் கீழே கொடுத்து, "என் கையை நசுக்குங்க பார்ப்போம்" என்றார். வியர்த்துக் கொட்டியதுதான் மிச்சம். நான்காம் நாள் தொடையில் ஒரு சின்னத் துடிப்பு. "ம், வந்துடுச்சு, விடாதீங்க" என்றார். காலை மடக்குவதைவிட முழுக்க நீட்டுவதுதான் முதலில் வேண்டும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. நீளாத கால் நொண்டும். ஆபரேஷன் செய்தாலும் செய்யாவிட்டாலும்.

நான்கு மாதம் நன்றாகவே போனது. சைக்கிள், படி, ஒற்றைக்கால் உட்கார்ந்தெழல் எல்லாம் வந்தது. அப்புறம் ஒருநாள் நடைமேடையிலிருந்து இறங்கியபடியே யாரோ கூப்பிட்டதும் திரும்பினேன், முட்டி விட்டுப்போனது. இரண்டு வாரத்தில் இன்னொரு தடவை. ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்தேன். அந்த மாதங்கள் வீண் என்று நினைக்கவில்லை. பலமான தொடையோடு மேஜைக்குப் போனவனுக்கு எழுந்து நடப்பது எளிதாகவே இருந்தது.

காலக்கணக்கில் ஆபரேஷன் குறுக்குவழி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பயிற்சிப் பட்டியல் மறுபடி துண்டிலிருந்தே ஆரம்பிக்கிறது. பொருத்திய தசைநார் ஜவ்வாக மாறும் வழியில் முதல் சில மாதங்களில் பலம் குறைந்து, பிறகுதான் தேறும். வலியோ அதற்குள் போய்விடும், அங்கேதான் ஆள் ஏமாறுகிறான். நார்வே, அமெரிக்க நோயாளிகளை வைத்து 2016-இல் வந்த ஆய்வில், ஒன்பதாம் மாதம் வரை விளையாட்டைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நாள்காட்டி மட்டும் போதாது. அடிபட்ட காலின் பலம் மற்ற காலின் பலத்தில் 90 சதவீதமாவது வர வேண்டும் என்பது பரவலான அளவுகோல். அமெரிக்கப் பனிச்சறுக்கு வீராங்கனை லிண்ட்சே வான் 2013 பிப்ரவரியில் ஆஸ்திரியாவின் ஷ்லாட்மிங்கில் விழுந்து வலது முட்டியின் இரண்டு ஜவ்வையும் கிழித்துக்கொண்டார். ஆபரேஷன், பயிற்சி எல்லாம் முடித்து நவம்பரில் பயிற்சிச் சரிவில் விழுந்தபோது புது ஏ.சி.எல். பாதி கிழிந்தது. சோச்சி ஒலிம்பிக் கைநழுவிப்போனது.

நான் மறுபடி பலகையில் நின்றபோது ஆபரேஷன் முடிந்து பதின்மூன்று மாதம். பைண்டிங்கைச் சரிபார்த்துக் கொடுத்தவரிடம் என் எடை, வயது, திறமை எதையும் கூட்டிச் சொல்லவில்லை. அதையெல்லாம் வைத்துத்தான் அது எப்போது கழல வேண்டும் என்று அமைப்பார்கள். மூன்றாம் நாள் அதே மாதிரி பின்னால் சாய்ந்தேன். இடுப்பு இறங்கியது. இந்தத் தடவை எழ முயலவில்லை. காலைத் தளர்த்தி, பக்கவாட்டில் சரிந்து, சறுக்கல் தானாக நிற்கும்வரை அப்படியே கிடந்தேன். கழுத்துவழியே உள்ளே போன பனியை உதறத்தான் நேரமானது.