கேபிளை விட்டாச்சு: டிஷ்ஷா, நெட்டா?

எங்கள் வீடு கிருஷ்ணகிரி பக்கம் காவேரிப்பட்டணத்தைத் தாண்டி மாந்தோப்புக்குள் இருக்கிறது. போன வருஷம் கேபிளை நிறுத்திவிட்டு டிடிஎச் டிஷ் போட்டோம். கேபிளை விட்டால் எதைப் போடலாம் என்று யார் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறேன்.

காசைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். 2011-இல் அரசு கேபிள் 70 ரூபாய்க்குக் கிடைத்தபோது யோசிக்கவே தேவையில்லை. 2019-இல் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதி மாறி, அடிப்படைக் கட்டணம், சேனலுக்குத் தனி விலை, மேலே 18 சதவீத ஜிஎஸ்டி என்று ஆனபிறகு, கேபிளும் டிஷ்ஷும் கிட்டத்தட்ட ஒரே கணக்கில்தான் வருகின்றன. படமும் இரண்டிலும் நன்றாகத்தான் இருக்கிறது.

விஷயம் ஒயரில்தான். ரோட்டிலிருந்து எங்கள் வீடு வரை கம்பத்திலும் மரத்திலும் மாறி மாறிக் கட்டி இழுத்த ஒயர். மாங்காய் சீசனில் பெங்களூரா ரகத்தை உயரமாக ஏற்றி வரும் லாரி அதை இழுத்துக்கொண்டு போகும். மிச்ச நாளில் குரங்குகள் தொங்கும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கேபிள் லைனில் நடுநடுவே சிக்னலைக் கூட்டும் ஆம்ப்ளிஃபையர் இருக்கும், அதற்கும் கரண்ட் வேண்டும். வீட்டில் கரண்ட் இருக்கும். இரண்டு தெரு தள்ளி கரண்ட் போயிருக்கும். டிவியில் 'நோ சிக்னல்'. இன்வெர்ட்டர் வாங்கி வைத்து என்ன புண்ணியம்? டிஷ்ஷுக்கு நம் வீட்டு கரண்ட் மட்டும் இருந்தால் போதும்.

"ஃபைபர் நெட் போட்டு ஸ்மார்ட் டிவியில் பாருங்க" என்கிறார்கள். ஃபைபரில் வழியில் சிக்னலைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட் வேண்டாம், உண்மைதான். ஆனால் எங்கள் பக்கம் அதே கேபிள்காரர்தான் அதே கம்பத்தில் அதையும் இழுக்கிறார். அறுந்தால் கேபிள் ஒயரை யாரும் முனையைச் சீவி ஒட்டிவிடலாம். ஃபைபருக்கு அதை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷின் வைத்திருக்கிறவர் வர வேண்டும். நெட் டிவியை நான் பார்த்தது ஓசூரில் தங்கை வீட்டு அபார்ட்மென்டில்தான். அங்கே ஜோராக ஓடுகிறது. டவுனில் இருப்பவர்களுக்கு அதுவே சரியாகவும் இருக்கலாம்.

மாதச் சந்தாவே வேண்டாம் என்றால் டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் போட்டிருக்கிறார்கள். டிடி தமிழ் பளிச்சென்று வருகிறது, அம்மா கேட்ட சீரியல் ஒன்றுகூட அதில் சிக்கவில்லை. பேச்சு அதோடு முடிந்தது.

டிஷ்ஷிலும் தொல்லை இல்லாமல் இல்லை. ஐப்பசி மழை கொட்டும்போது படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும், மழை விட்டதும் தானாக வந்துவிடும். நம் ஊரிலிருந்து டிஷ் தெற்குக்கும் கிழக்குக்கும் நடுவே உள்ள வானத்தைத்தான் பார்க்கும். அந்தப் பக்கம் ஒட்டினாற்போல் தென்னை நின்றால் கஷ்டம். கிருஷ்ணகிரிப் பக்கம் பல வீடுகளில் தெலுங்கோ கன்னடமோதான் பேச்சு. கேபிளில் அந்தச் சேனல்கள் கேட்காமலே வந்தன, டிஷ்ஷில் பாட்டிக்காகத் தெலுங்கைத் தனியாகக் காசு கட்டிச் சேர்த்தோம். கம்பெனி மாற்றினால் பாக்ஸும் மாற வேண்டும், பழையதற்கு விலை கிடையாது. ரிப்பேர் என்றால் கேபிள் அண்ணன் போன் போட்டதும் டிவிஎஸ்ஸில் வந்து நிற்பார். டிடிஎச் ஆள் வர நாளாகலாம், வந்தால் சர்வீஸ் சார்ஜ் வேறு. எங்களுக்கு இதுவரை பெரிய ரிப்பேர் வரவில்லை, அதனால் இதில் அடித்துச் சொல்ல மாட்டேன்.

அரசு கேபிள் பாக்ஸ் வைத்திருப்பவர்கள் விடும்போது ஒன்று: அது இலவசமாகத் தந்ததே ஒழிய நம் சொத்து இல்லை. ரிமோட், அடாப்டரோடு ஆபரேட்டரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.