ஞாயிறு மட்டும் போனால் 2 நட்சத்திரம்தான்

ஹோட்டலுக்கும் மிக்ஸிக்கும் விமர்சனம் எழுதுகிறோம், கோயிலுக்கு எழுதினால் என்ன. தாம்பரம் பக்கம் வீடு பார்க்க வருகிற கத்தோலிக்கக் குடும்பங்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி தண்ணீர் வருமா, இரண்டாவது கேள்வி பங்கு (அந்தப் பகுதிக் கோயிலும் அதைச் சேர்ந்த கத்தோலிக்கர்களும்) எப்படி. முதல் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம் (வராது). இரண்டாவதுக்குத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. பங்கின் பெயரைப் போடவில்லை. கோயில் ஆபீசில் உட்காருபவர் எங்கள் தெருவிலேயே குடியிருக்கிறார், காலையில் பால் வாங்கப் போனால் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

நான் தூத்துக்குடிக்காரி. ஜூலை 26 பனிமய மாதா கோயிலில் கொடி ஏறிவிட்டால் ஆகஸ்ட் 5 திருநாள் முடிகிற வரைக்கும் எங்கள் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியாது, எல்லாரும் கோயில் வாசலில்தான் கிடப்போம். ஊரில் பங்கு என்பது தனியாக ஒன்று கிடையாது, தெருவும் சொந்தமும் சண்டையும் எல்லாம் சேர்ந்ததுதான் பங்கு. தூத்துக்குடி மறைமாவட்டம் (ஒரு ஆயருக்குக் கீழ் வரும் பங்குகள் எல்லாம் சேர்ந்தது) 1923-லேயே வந்தது. இங்கே செங்கல்பட்டு மறைமாவட்டம் சென்னை-மயிலையிலிருந்து பிரிந்ததே 2002-ல்தான். எங்கள் பங்கிலும் பாதிப் பேர் நாகர்கோவில், திருச்சி, வேலூர் என்று எங்கெங்கிருந்தோ வந்து கடன் வாங்கி ஃபிளாட் வாங்கியவர்கள். பக்கத்து பெஞ்சில் இருப்பவர் யார் என்று யாருக்கும் தெரியாது. கோயில் வழிபாட்டை நான் பூசை என்பேன், அவர்கள் மாஸ் என்பார்கள். இது புரியாமல் முதல் வருஷம் முழுக்க ஊரோடு ஒப்பிட்டு ஒப்பிட்டே குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

சரி, முதலில் ஞாயிறு. காலை 6, காலை 8, மாலை 6 என்று மூன்று பூசை. 8 மணிப் பூசைக்கு 7.40-க்குள் போகவில்லையென்றால் வெளியே ஷாமியானாவுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிதான், அதுவும் ஃபேன் இல்லாத வரிசையில். உள்ளே இடம் கிடைத்தாலும் பெரிய லாபம் இல்லை, ஏனென்றால் மைக் ஒரு கொடுமை. கட்டடம் உயரம், தகரக் கூரை, ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும், முதல் பைபிள் வாசகம் எசாயா புத்தகமா எரேமியா புத்தகமா என்று நான் இதுவரை ஒரு வாரமாவது சரியாகக் கண்டுபிடித்ததில்லை. திருநாள் அலங்கார விளக்குக்கு லட்சக்கணக்கில் செலவாகிறது, நல்ல ஸ்பீக்கர் வாங்கலாம் என்று பங்குப் பேரவையில் (பங்கு மக்களின் பிரதிநிதிகள் குழு) மூன்று வருஷமாக யாரோ ஒருவர் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார். பங்குப் பேரவை ஆலோசனை மட்டும்தான் சொல்ல முடியும், முடிவு பங்குத்தந்தையுடையது (பங்குக்குப் பொறுப்பான ஃபாதர்), திருச்சபைச் சட்டமே அப்படித்தான். ஆலோசனையும் அந்த மைக்கில்தான் சொல்கிறார்கள் போல, போய்ச் சேரவில்லை.

பிரசங்கம். என் வீட்டுக்காரர் கடிகாரத்தில் பார்த்துவிட்டுச் சொன்ன சராசரி 25 நிமிஷம். 2024 ஜூனில் திருத்தந்தை பிரான்சிஸ் மறையுரை 8 நிமிஷத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் மக்கள் தூங்கிவிடுவார்கள் என்று வெளிப்படையாகவே சொன்னார். அந்தச் செய்தி எங்கள் பங்கு வாட்ஸ்அப் குழுவில் வந்தது, அன்றைக்கு மட்டும் குழுவில் அத்தனை கைகூப்பல். அடுத்த ஞாயிறு 31 நிமிஷம்.

பிரசங்கத்துக்கு அப்புறம் பாடகர் குழு. பிள்ளைகள் நன்றாகத்தான் பாடுகிறார்கள், கீபோர்டு வாசிக்கும் பையன் உண்மையிலேயே கெட்டிக்காரன். ஆனால் வாரத்துக்கு ஒரு புதுப் பாட்டு என்றால் நாங்கள் எப்படிச் சேர்ந்து பாடுவது? பழைய பாட்டு ஒன்று எடுத்தால்தான் பின்னால் இருக்கும் தாத்தா பாட்டிகள் வாயைத் திறக்கிறார்கள், அப்போது கூரையே அதிரும், அந்த எதிரொலி பாட்டுக்கு மட்டும் அழகாக இருக்கும். கடைசியில் அறிவிப்புகள். திருமண ஓலை (யாருக்கும் யாருக்கும் கல்யாணம் என்ற அறிவிப்பு) வாசிக்கும்போது மட்டும் மொத்தக் கோயிலும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும், யார் மகள், எந்தப் பங்கு மாப்பிள்ளை என்று, மற்றபடி நன்கொடையாளர் பட்டியலுக்கு எல்லாரும் செருப்பு எங்கே விட்டோம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

இதை வைத்து மட்டும் மதிப்பெண் போடச் சொன்னால் 2. நிறையப் பேர் இதைப் பார்த்துவிட்டுத்தான் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயிலுக்கும் சாந்தோமுக்கும் பஸ் ஏறிப் போய்விடுகிறார்கள். நானும் ஆறு மாதம் அப்படித்தான் போனேன்.

ஆனால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு முறை வந்து பாருங்கள். அந்தோனியார் நவநாள், அதாவது புனித அந்தோனியாரிடம் வாராவாரம் வைக்கும் வேண்டுதல். அந்தோனியார் 1231 ஜூன் 13 வெள்ளிக்கிழமை இறந்தார், அடக்கம் செய்தது அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை, அதனால்தான் செவ்வாய் அவருடைய நாள் ஆனது என்று உபதேசியார் (ஃபாதருக்கு உதவியாகச் செபம் நடத்துபவர்) சொன்னார். அன்று வருகிற கூட்டத்தில் பாதிப் பேர் ஞானஸ்நானம் வாங்காதவர்கள். ஷேர் ஆட்டோ ஓட்டுபவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் போவார், பூ விற்கும் அக்கா மிச்சப் பூவை சுரூபத்தின் காலடியில் வைத்துவிட்டு உப்பும் மிளகும் போடுவார், ஜெராக்ஸ் கடைக்காரர் பையனுக்கு அரியர் போகவேண்டும் என்று சீட்டு எழுதிப் போடுவார். மைக் கிடையாது. உபதேசியார் வெறும் தொண்டையில் மன்றாட்டு சொல்வார், ஒரு வார்த்தை விடாமல் கேட்கும். முடிந்ததும் மந்திரித்த ரொட்டி ஆளுக்கு ஒரு துண்டு. 40 நிமிஷத்தில் வெளியே வந்துவிடலாம்.

புதன் சகாய மாதா நவநாள், மாதத்தின் முதல் வெள்ளி திருஇருதய ஆராதனை, சனி வேளாங்கண்ணி மாதாவுக்கு, இப்படி வாரம் முழுக்க ஏதாவது ஒன்று இருக்கிறது. எல்லாவற்றையும் விவரிக்கப் போவதில்லை. காலை 6 மணி வார நாள் பூசை பற்றி மட்டும் ஒரு வார்த்தை. இருபது பேர்தான் இருப்பார்கள், அதே ஃபாதர் அங்கே மூன்றே நிமிஷம் பேசுகிறார், அவ்வளவு நன்றாகப் பேசுகிறார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு என்ன ஆகிறது என்று தெரியவில்லை.

இந்தப் பங்கின் சரக்கு எங்கே இருக்கிறது என்றால் அன்பியத்தில், அதாவது பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் சேர்ந்த சின்னக் குழுவில். தெருவாரியாகப் பிரித்திருக்கிறார்கள், எங்கள் அன்பியத்தில் 26 குடும்பம், மாதம் இரண்டு முறை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். செபமாலை, அடுத்த ஞாயிறு நற்செய்தி வாசிப்பு, மனதில் பட்ட சொல்லை ஆளுக்கு ஒன்று சொல்வது. அப்புறம் டீ. டீயும் பிஸ்கட்டும் மட்டும்தான் வைக்க வேண்டும், யாரும் யாரையும் மிஞ்சக் கூடாது என்பது எழுதப்பட்ட விதி. அந்த விதியைப் போட்டவர் வீட்டிலேயே கேசரியும் போண்டாவும் வைத்தார்கள், அடுத்த வீட்டில் கொழுக்கட்டை வந்தது, எங்கள் முறை வந்தபோது நான் சிக்கன் பஃப்ஸ் வரைக்கும் இறங்க வேண்டியதாயிற்று. வருபவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆண்கள் நாற்காலி போடும்போது இருப்பார்கள், செபமாலையின் ஐந்து பகுதியில் மூன்றாம் காரணிக்கத்துக்குள் ஒவ்வொருவராக போன் வந்ததுபோல் வெளியே நழுவுவார்கள், டீ வரும்போது சரியாகத் திரும்பிவிடுவார்கள். பங்குப் பேரவைக்கு மட்டும் அவர்களே எப்படிக் கூடுதலாகத் தேர்வாகிறார்கள் என்பது ஒரு மறைபொருள்.

போன ஐப்பசி மழையில் என் மாமியார் இறந்துபோனார்கள். ராத்திரி 11 மணி, தெருவில் முழங்கால் தண்ணீர், சொந்தக்காரர்கள் எல்லாம் 600 கிலோமீட்டர் தள்ளி. நான் அன்பியப் பொறுப்பாளர் அக்காவுக்கு ஒரே ஒரு போன்தான் போட்டேன், அதுவும் அழுகையில் பாதிதான் பேசினேன். அரை மணி நேரத்தில் ஃபிளாஸ்க்கில் காபியோடு மூன்று பெண்கள் வந்துவிட்டார்கள். ஃப்ரீசர் பாக்ஸ் வரும் வண்டிக்கு வழி காட்ட, செபமாலையில் நழுவுகிற அதே அண்ணன்மார்கள் தெருமுனையில் டார்ச்சோடு தண்ணீரில் நின்றார்கள். விடியற்காலை கோயிலில் துக்க மணி அடித்தது. மாமியாருக்கு நாங்கள் கட்டிய சேலையில் கசங்கல் இருக்கிறது என்று ஒரு பாட்டி தன் பெட்டியிலிருந்து வேறு சேலை கொண்டுவந்து மாற்றிவிட்டார், அந்தப் பாட்டியின் பெயர்கூட அன்றுவரை எனக்குத் தெரியாது. மூன்று நாள் எங்கள் வீட்டில் அடுப்பு ஏற்றவிடவில்லை. அடக்கப் பூசையில் ஃபாதர் 5 நிமிஷம்தான் பேசினார். இந்தப் பகுதிக்கு 5-க்கு 5, இதில் பேச்சே இல்லை.

அதற்கப்புறம்தான் வின்சென்ட் தே பவுல் சபையில் சேர்ந்தேன். பாரிஸில் 1833-ல் ஃபிரடெரிக் ஓசானாம் என்ற 20 வயது மாணவர் நண்பர்களோடு ஆரம்பித்த சபை இது, இங்கே எங்களில் மிக இளையவருக்கு 41 வயது. ஞாயிறு 8 மணிப் பூசை முடிந்ததும் மறைக்கல்வி வகுப்பறை ஒன்றில் கூடுவோம், அந்த வாரம் எந்த வீட்டுக்கு அரிசி, யாருக்கு மருந்து, எந்தப் பிள்ளைக்கு ஃபீஸ் என்று பேசுவோம். கடைசியில் ஒரு துணிப்பை சுற்றி வரும், யார் எவ்வளவு போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. பத்து நிமிஷம் நன்கொடையாளர் பெயர் வாசிக்கிற அதே கோயிலில்தான் இதுவும் நடக்கிறது. மரியாயின் சேனையும் இருக்கிறது, இரண்டு இரண்டு பேராகப் போய் நோயாளிகளைப் பார்த்துவிட்டு வந்து அடுத்த கூட்டத்தில் அறிக்கை சொல்ல வேண்டும், ரொம்பக் கண்டிப்பானவர்கள், எனக்கு அது ஒத்துவரவில்லை.

மறைக்கல்வி வகுப்பு பற்றிக் கேட்பீர்கள். சொல்லித் தருபவர்கள் சம்பளம் இல்லாமல் வருகிறவர்கள், அதனால் குறை சொல்ல மனசு வரவில்லை. புதுநன்மை வகுப்பு (முதல்முறை நற்கருணை வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு) நன்றாக நடக்கிறது. அதற்கப்புறம் வரும் சடங்கான உறுதிபூசுதல் முடிந்ததும் பிள்ளைகள் மாயமாகிவிடுகிறார்கள், டியூஷன் ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்தால் வேறென்ன ஆகும்.

கடைசியாக ஆபீஸ். என் கொழுந்தன் கல்யாணத்துக்குப் பங்குத்தந்தையின் கடிதம் வேண்டியிருந்தது. முதல் தடவை போனது திங்கட்கிழமை, விடுமுறை. இரண்டாவது தடவை ஆள் சாப்பிடப் போயிருந்தார், சாப்பாடு நான்கு மணிவரை. மூன்றாவது தடவை பங்கில் எங்களுக்குப் போட்டிருக்கும் குடும்ப அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஏழு மாதச் சந்தா பாக்கி, கட்டிவிட்டு வாங்க என்றார். சந்தா கட்ட வேண்டியதுதான், தப்பு எங்கள் மேல். அதைக் கல்யாணக் கடிதத்தோடு முடிச்சுப் போடுவது சரியில்லை என்று அங்கேயே சொல்லிவிட்டுத்தான் கட்டினேன். ஃபாதரிடம் நேராகப் போனபோது ஐந்தே நிமிஷத்தில் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு விஷயம். குடும்ப அட்டை இங்கே மாறினாலும் உங்கள் மூலக் கணக்கு ஞானஸ்நானம் வாங்கிய பங்கில்தான் இருக்கும், உறுதிபூசுதல், திருமணம் எல்லாவற்றையும் அந்தப் பதிவேட்டில்தான் குறிப்பார்கள். கல்யாணம் என்று பேச்சு வந்ததுமே ஊரிலிருந்து ஞானஸ்நானச் சான்றிதழ் புது நகலாக வாங்கிவிடுங்கள். லேமினேஷன் போட்டு வைத்திருக்கும் பழைய சான்றிதழைக் காட்டினால் ஏற்க மாட்டார்கள், என் கொழுந்தன் அதற்காகவே ஒரு ராத்திரி முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறினான்.

மொத்தமாக 5-க்கு 3.5. ஸ்பீக்கர் மாற்றினால் 4 போடத் தயார். வருவதென்றால் செவ்வாய் 6.15-க்கு வாருங்கள், வண்டியை ஜெராக்ஸ் கடைப் பக்கம் விடலாம், அவரும் உள்ளேதான் இருப்பார்.