பழைய நெட்டை வெட்டும் முன்: பிராட்பேண்ட் மாறி ஓராண்டு கழித்து

எண் மாறாமல் மொபைல் கம்பெனியை மாற்றும் வசதி 2011-லேயே நாடு முழுக்க வந்துவிட்டது. வீட்டு பிராட்பேண்டுக்கு அப்படி எதுவும் கிடையாது. நெட் நிற்காமல் மாற வேண்டுமானால் கொஞ்ச நாளைக்கு இரண்டு இணைப்புக்கும் பணம் கட்டத்தான் வேண்டும். தெண்டச் செலவு என்று வீட்டில் முணுமுணுத்தார்கள். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவனுக்கு ஒரு நாள் நெட் போனால் என்ன ஆகும் என்பது எனக்குத்தானே தெரியும்!

தாம்பரம் பக்கம் எங்கள் வீடு. பழைய இணைப்பின் வேகத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மழை பெய்தால், ஃபைபரில் சிக்னல் வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரியும், ஆள் வர நாள் கணக்கில் ஆகும். அதனால் புதியதைத் தேடும்போது விளம்பர வேகத்தைப் பார்க்கவில்லை, கேபிள் எந்த வழியாக வருகிறது என்றுதான் பார்த்தேன். எங்கள் தெருவில் இரண்டு மூன்று கம்பெனிகளுக்கு ஒரே கேபிள்காரர்தான் லைன் இழுக்கிறார். அவரிடமே போனால் பில்லில் பெயர்தான் மாறும், போஸ்ட்டும் லைன்மேல் முறிந்து விழும் மரக்கிளையும் மாறாது. வேறு வழியில் லைன் வரும் கம்பெனியைப் பிடித்தேன். கோடையிலேயே போட்டும் விட்டேன், ஐப்பசி அடைமழையில் யார் போஸ்ட் ஏறுவது?

லைன் போட வந்த தம்பி ஃபைபரை ஒட்டிவிட்டுக் கிளம்பப் பார்த்தார். ஃபைபரில் வரும் ஒளியின் பலத்தைப் பவர் மீட்டரில் காட்டச் சொன்னேன். மைனஸ் 26 டிபிஎம். மைனஸுக்குப் பின்னால் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி பலவீனம். வீட்டில் ஃபைபர் வந்து சேரும் பெட்டியான ஓஎன்டி சுமார் மைனஸ் 27 வரை தாங்கும், ஆனால் அது விளிம்பு. ஜன்னல் மூலையில் கேபிள் நறுக்கென்று மடங்கியிருந்தது. அதை வளைவாக விட்டு மறுபடி ஒட்டியதும் மைனஸ் 19-க்கு வந்தது. இந்த ஒரு எண்ணைக் கேட்காமல் ஆளை அனுப்பாதீர்கள்.

முதல் சில நாள் புதிய ரவுட்டரை வேறு வைஃபை பெயரில், என் லேப்டாப்பில் மட்டும் ஓட்டினேன். ராத்திரி நேர வேகம், ஆபீஸ் நெட்வொர்க்கோடு பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன் எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பழையதை அணைத்துவிட்டு, அதே வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்துப் பிசகாமல் புதியதில் வைத்தேன். டிவி, பிரிண்டர், போன்கள் எல்லாம் தானாகவே பிடித்துக்கொண்டன. அம்மாவுக்கு நெட் மாறியதே தெரியாது.

மல்லுக்கு நின்றது சிசிடிவி மட்டும்தான். வெளியூரிலிருந்து பார்க்க முடியவில்லை. ரவுட்டருக்குக் கம்பெனி தரும் இணைய முகவரி (WAN ஐபி) 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால், பல வீடுகளை ஒரே பொது ஐபிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வெளியிலிருந்து வரும் இணைப்பை வீட்டுக் கருவிக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்யாது. நமக்கென்றே மாறாமல் இருக்கும் ஸ்டாட்டிக் ஐபிக்குத் தனிக் கட்டணம் கேட்டார்கள். கேமரா பதிவுப் பெட்டியான டிவிஆரிலேயே இருந்த கிளவுட் வசதியை ஆன் செய்து சமாளித்துக்கொண்டேன்.

பழையதை முடிப்பதுதான் பெரும்பாடு. போன் செய்தால் தள்ளுபடி தருகிறோம் என்பார்கள், இணைப்பை வெட்டச் சொல்வதை மட்டும் பதிய மாட்டார்கள். முதலில் யுபிஐ ஆப்பில் ஆட்டோபேயை ரத்து செய்தேன். பிறகு மெயில் அனுப்பி, அதைப் பதிந்ததற்கான டாக்கெட் எண் வாங்கினேன். ஓஎன்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது சீரியல் எண்ணைப் படம் எடுத்து, ரசீதும் கேட்டு வாங்கினேன். அப்படியும் டெபாசிட் வரவில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி ஒவ்வொரு கம்பெனியிலும் இருக்கும் மேல்முறையீட்டு அதிகாரிக்கு அந்த ரசீதோடு எழுதிய பிறகே கணக்கில் ஏறியது. பழைய இணைப்போடு வந்த லேண்ட்லைன் எண்ணை பேங்கிலோ கேஸ் ஏஜென்சியிலோ கொடுத்திருந்தால் வெட்டும் முன்பே மாற்றிவிடுங்கள்.

ஓராண்டில் எப்படி? 100 எம்பிபிஎஸ் திட்டத்தில் லேன் கேபிள் வழியாக 90-க்கு மேல் வருகிறது, கான்கிரீட் சுவர் தாண்டி உள்ளறையில் வைஃபையில் பாதிகூட இல்லை. அது கம்பெனியின் குற்றமில்லை. கார்த்திகை மழையில் ஒருமுறை லைன் போனது, மறுநாளே வந்து சரிசெய்தார்கள். கரண்ட் போனாலும் நெட் நிற்காமலிருக்க 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்கி மாட்டியிருக்கிறேன், உருப்படியான செலவு. திட்ட விலையோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வருடச் சந்தா கட்டினால் ஒரு மாதம் இலவசம் என்று அடிக்கடி போன் வருகிறது. நான் இன்னும் மாதாமாதமே கட்டுகிறேன்.